நாளுக்கு ஒரு முட்டை: கோழியின் சினைப்பைக்குள் வரிசை போடுவது யார்?

குமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் முட்டையிடும் கோழியை அறுக்கப் பாட்டி சம்மதிக்கவே மாட்டார். ஒருமுறை மட்டும், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நாய் கடித்துக் கால் ஒடிந்துபோன ஒரு பெட்டையை வேறு வழியில்லாமல் குழம்புக்கு எடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றைத் திறந்ததும் முதுகெலும்பை ஒட்டி ஒரு மஞ்சள் குலை தெரிந்தது. பெரியது ஒன்று, அதைவிடச் சற்றுச் சிறியது ஒன்று, அதைவிடச் சிறியது இன்னொன்று என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் கடுகு மணி போல வெண்மையாகக் கொத்துக் கொத்தாக முடிந்தது. பாட்டி பெரியதன்மேல் விரல் வைத்து, "மக்களே, இது நாளைக்கு இட வேண்டிய முட்டை. இது அதற்கு மறுநாளுக்கு. இது அதற்கும் மறுநாளுக்கு" என்று எண்ணினார். அவர் குரலில் இருந்த வருத்தம் இன்றும் நினைவிருக்கிறது. ஒரு கோழி போயிற்று என்பதைவிட, வரிசையில் நின்ற முட்டைகள் போயின என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு கோழியின் உடலியலைப் படிக்கத் தொடங்கியபோது, பாட்டி எண்ணிய அந்த வரிசைக்கு விஞ்ஞானிகளும் அதே முறையில் எண் கொடுத்திருப்பதைக் கண்டேன். மிகப் பெரிய உருண்டை எஃப்-1. அடுத்தது எஃப்-2. இப்படி எஃப்-5, எஃப்-6 வரை போகும். பாட்டி விரலால் செய்ததை அவர்கள் எழுத்தால் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வரிசை எப்படி உண்டாகிறது, ஏன் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் மேலே ஏறுகிறது என்ற கேள்வி விரலால் எண்ணி முடிகிற ஒன்றாக இல்லை. அதற்கு விடை தேடிப் போனால் 'வளர்ச்சிக் காரணிகள்' என்ற புரதங்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடலாம். கோழிக்கு வேலை செய்யும் சினைப்பை ஒன்றுதான், இடப்பக்கம் இருப்பது. கருவிலேயே வலப்பக்கச் சினைப்பை வளராமல் சுருங்கிவிடுகிறது. குஞ்சு பொரிக்கும் நாளில் அந்த ஒற்றைச் சினைப்பைக்குள் சுமார் 4,80,000 முட்டைச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அவற்றில் முட்டையாக வெளியே வருபவை சில நூறு. இருப்புக்குப் பஞ்சமே இல்லை. காட்டுக்கோழி ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டை இடுகிறது, நம் வீட்டு நாட்டுக்கோழி அறுபது எழுபது இடுகிறது, பண்ணை லேயர் கோழி 300-ஐத் தாண்டுகிறது. வேறுபாடு கையிருப்பில் இல்லை. எத்தனையை, எவ்வளவு அடிக்கடி, இடையில் நிறுத்தாமல் விடுவிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முட்டைச் செல்லையும் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதை நுண்ணறை என்போம். உள்ளே முட்டைச் செல், அதாவது பின்னாளில் மஞ்சள் கருவாகப் போவது. அதைப் போர்த்தினாற்போல் கிரானுலோசா செல்களின் மெல்லிய அடுக்கு. அதற்கு வெளியே இரத்தக் குழாய்கள் பின்னிய தீக்கா அடுக்கு. 1 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும் நுண்ணறைகள் வெள்ளையாக இருக்கும். 6 முதல் 8 மில்லிமீட்டரில் மஞ்சள் நிறம் ஏறத் தொடங்கும். அதைத் தாண்டியவை பெரிய மஞ்சள் உருண்டைகள்; 40 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் வெடித்து மஞ்சள் கருவை வெளியே விடும்.

நம் ஊர் மட்டி வாழைக்குலையை நினைத்துப் பாருங்கள். மேல் சீப்பில் முற்றிய காய், நடுவில் நடுத்தரம், நுனியில் பூவோடு ஒட்டிய பிஞ்சு. ஒரே தண்டு, ஒரே தண்ணீர், ஒரே உரம். ஆனாலும் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. கோழியின் சினைப்பையும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு. வாழைக்குலையில் சீப்பு சீப்பாக வளர்கிறது. கோழியிலோ 6 முதல் 8 மில்லிமீட்டர் அளவில் எட்டுப் பத்து நுண்ணறைகள் ஒன்றாகக் காத்து நிற்கின்றன. ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து எஃப் வரிசையில் ஏறுகிறது. மற்றவை நிற்கின்றன, அல்லது சிதைந்து மறைகின்றன. இந்தத் தேர்வு நடக்கும் இடமே முழுக் கதையின் முடிச்சு.

முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் 'வளர்ச்சிக் காரணி' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தச் சொல்லே நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. ஏதோ ஊசி மருந்து, சதையை ஊத வைக்கும் பொருள் என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் இவை செல்கள் தமக்குப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் செய்திப் புரதங்கள். ஹார்மோன் என்பது இரத்தம் வழியாக ஊர்விட்டு ஊர் போகும் தபால் என்றால், இவற்றில் பல, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லும் பேச்சு.

இவை முதலில் தெரிய வந்ததிலேயே கோழிக்குப் பங்கு இருக்கிறது. இத்தாலியின் டூரின் நகரில், யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்ட ரீட்டா லெவி-மொந்தால்சினி, போர்க்காலத்தில் தன் படுக்கையறையை ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தார். பிறகு அமெரிக்கா சென்று, அதே கோழிக் கருக்களைக் கொண்டே நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கோஹன் புறத்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புறத்தோல் வளர்ச்சிக் காரணிதான் நம் கதையிலும் முக்கியமான ஆள்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் இரத்தத்தில் வருகிறது. நுண்ணறையை வளரச் செய்வது அதுதான் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஆனால் இரத்தம் எல்லா நுண்ணறைகளுக்கும் பாய்கிறது. 6 முதல் 8 மில்லிமீட்டரில் காத்திருக்கும் எட்டுப் பத்துக்கும் அதே எஃப்.எஸ்.எச். போய்ச் சேர்கிறது. அதை வாங்கும் ஏற்பியும் அவற்றின் கிரானுலோசா செல்களில் இருக்கிறது. அப்படியென்றால் பத்தும் ஒரே நாளில் கிளம்ப வேண்டுமே? கிளம்புவதில்லை. கதவு இருக்கிறது, தட்டுகிறார்கள், உள்ளே இருப்பவர் திறப்பதில்லை.

திறக்கவிடாமல் செய்வதுதான் புறத்தோல் வளர்ச்சிக் காரணியும் அதன் உறவுக்காரப் புரதங்களும். இவை கிரானுலோசா செல்லுக்குள் ஒரு சமிக்ஞைத் தொடரை ஓடவிடுகின்றன. அது ஓடும்வரை அந்தச் செல் பெருகலாம். ஆனால் முதிர்ச்சி அடையக் கூடாது. எஃப்.எஸ்.எச். வந்து தட்டினாலும் உள்ளே பதில் எழாது. புரொஜெஸ்டிரோன் என்ற, பின்னால் கருவை வெளியேற்றத் தூண்டும் ஹார்மோனைத் தயாரிக்கத் தேவையான கருவிகள் அந்தச் செல்லில் உருவாகாது. கோழியின் நுண்ணறைத் தேர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆலன் ஜான்சனின் குழு இந்தத் தடையை விரிவாகக் காட்டியது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: பெயரில் 'வளர்ச்சி' இருக்கிறது, செய்யும் வேலையோ நிறுத்தி வைப்பது. பிஞ்சிலேயே பழுத்துவிடாமல் காப்பது.

தடுப்பது புறத்தோல் வளர்ச்சிக் காரணி மட்டும் இல்லை. குழந்தைப்பேற்று மருத்துவமனைக்குப் போய் வந்த பெண்களுக்கு ஏ.எம்.எச். பரிசோதனை தெரிந்திருக்கும். சினைப்பையில் எவ்வளவு இருப்பு மிச்சம் என்று அறிய இரத்தத்தில் பார்ப்பார்கள். அதே ஏ.எம்.எச். கோழியின் சிறு நுண்ணறைகளிலுள்ள கிரானுலோசா செல்களிலும் ஏராளமாக இருக்கிறது. நுண்ணறை வளர்ந்து வரிசைக்குப் போகும்போது சரசரவென்று குறைந்துவிடுகிறது. இந்தப் புரதத்துக்குக் கோழியில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. கருவில் வலப்பக்க முட்டைக் குழாயைக் கரைத்து இல்லாமல் ஆக்குவதும் இதுவே. இடப்பக்கத்தை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் காப்பாற்றுகிறது. பிறக்கும் முன் ஒரு பக்கத்தையே அழித்த பொருள், பிறந்து வளர்ந்தபின் சிறு நுண்ணறைகளின் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் இழுப்பவர்களும் இருக்கிறார்கள். ஏ.எம்.எச். சேர்ந்த அதே பெரிய குடும்பத்தில் ஆக்டிவின், எலும்பு உருவாக்கப் புரதங்கள் என்று அழைக்கப்படும் பி.எம்.பி.கள், ஜி.டி.எஃப்-9 எல்லாம் உண்டு. 'எலும்பு' என்று பெயர் இருப்பதால் மலைக்க வேண்டாம். முதலில் எங்கே பார்த்தார்களோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முட்டைச் செல்லே ஜி.டி.எஃப்-9, பி.எம்.பி-15 ஆகியவற்றைச் சுரந்து தன்னைச் சுற்றியுள்ள கிரானுலோசா செல்களோடு பேசுகிறது. தீக்கா அடுக்கு வெளியிலிருந்து வேறு சில பி.எம்.பி.களை அனுப்புகிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி, கோழி நன்றாகத் தின்றிருக்கிறதா என்ற செய்தியைக் கொண்டுவருகிறது; அது கிரானுலோசா செல்களைப் பெருக்கி, ஹார்மோன் தயாரிப்பையும் ஊக்குகிறது. இத்தனை பேச்சுக்கும் நடுவே ஒரு நாள் ஒரு நுண்ணறையில் மட்டும் தடை தளர்கிறது. எஃப்.எஸ்.எச். தட்டியதற்கு உள்ளிருந்து பதில் வருகிறது. புரொஜெஸ்டிரோன் தயாரிக்கும் கருவிகள் எழுகின்றன. பிட்யூட்டரியின் அடுத்த ஹார்மோனான எல்.எச்.சை வாங்கும் ஏற்பிகள் முளைக்கின்றன. அந்த நுண்ணறை எஃப் வரிசையில் நுழைந்துவிட்டது. இனி திரும்பிப் போவது அரிது. காத்திருந்த பத்தில் ஏன் இது, ஏன் இன்று என்பதுதான் ஆய்வுக்கூடங்கள் இன்றும் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி.

தேர்வுக்குப் பின் நடப்பது வேகம். தீக்காவில் புதிய இரத்தக் குழாய்கள் பரவுகின்றன. குழாய் வளர்ச்சிக்கென்றே தனி வளர்ச்சிக் காரணி உண்டு. மஞ்சள் கருவை வாங்கும் ஏற்பிகள், முட்டைச் செல்லின் உள்ளே இருந்தவை, அதன் மேற்பரப்புக்கு நகர்ந்து வந்து வாயைத் திறந்துகொள்கின்றன. 7 முதல் 11 நாட்களில் 8 மில்லிமீட்டர் உருண்டை 40 மில்லிமீட்டரை எட்டுகிறது. அந்த மஞ்சள் கரு சினைப்பையில் சமைக்கப்படுவதில்லை. ஈரல் அதைத் தயாரித்து, இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. ஈரலுக்கு உத்தரவு கொடுப்பது ஈஸ்ட்ரோஜன். அதைச் சுரப்பதில் சிறு நுண்ணறைகளின் தீக்கா அடுக்குக்குப் பெரும் பங்கு உண்டு. காத்திருக்கும் சிறியவை, முன்னால் போன பெரியவற்றுக்குச் சோறு வரவழைக்கின்றன என்று சொன்னால் தவறில்லை. மஞ்சள் கருவை வாங்கும் அந்த ஏற்பியில் மரபுக் கோளாறு உள்ள கோழிகளும் உண்டு. ஈரல் அனுப்பும் கொழுப்பு இரத்தத்திலேயே தேங்கி நிற்கும், முட்டை வராது.

ஈரலைச் சொன்னதால் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். தேங்காய்ப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் சாக்கில் ஈரம் குடித்துப் பூசணம் பிடிப்பது இங்கே மிக எளிது. அந்தப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நேராக ஈரலைத் தாக்கும் நஞ்சு. கோழி சாகாமல் நடமாடிக்கொண்டிருக்கும்; முட்டை மட்டும் குறையும், கருவும் சிறுக்கும். 'கோழிக்கு வயதாகிவிட்டது' என்று சந்தைக்குக் கொண்டுபோவதற்கு முன் தீவனச் சாக்கின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒரு மழைக்காலம் இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல கோழிகளை விற்றிருக்கிறோம்.

வரிசையின் உச்சியில் இருக்கும் எஃப்-1-க்கு வருவோம். அதன் கிரானுலோசா செல்கள் இப்போது புரொஜெஸ்டிரோனைப் பொழிகின்றன. அது மூளைக்குச் செய்தியாகப் போய், எல்.எச். திடீரென்று உயர்கிறது. அதிலிருந்து 4 முதல் 6 மணி நேரத்தில் நுண்ணறையின் இரத்தக் குழாய் இல்லாத ஒரு கோட்டில் பிளவு உண்டாகி மஞ்சள் கரு வெளியேறுகிறது. பிறகு வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு எல்லாம் சேர்ந்து முட்டையாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது; அதில் பெரும்பகுதி ஓடு கட்டுவதற்கே. இருபத்து நான்கைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால்தான் கோழி இன்று காலை எட்டு மணிக்கு இட்டால் நாளை ஒன்பதரைக்கு, மறுநாள் பதினொன்றுக்கு என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் இடாமல் விட்டு, பிறகு மீண்டும் காலையில் தொடங்குகிறது. இடாத அந்த நாளில் கோழிக்கு நோயும் இல்லை, யாரும் முட்டையைத் திருடவும் இல்லை.

இன்னொன்றையும் அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். முட்டையைத் தட்டில் உடைத்தால் மஞ்சள் கருவின்மேல் 3, 4 மில்லிமீட்டரில் ஒரு வெளிறிய புள்ளி தெரியும். கருத்தட்டு என்று பெயர். கோழிக்குஞ்சு உருவாவது அதிலிருந்துதான். நுண்ணறையில் இருக்கும்போது அந்தப் புள்ளிக்கு அருகிலுள்ள கிரானுலோசா செல்கள் மட்டும் முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தொலைவில் உள்ளவை முதிர்ந்து புரொஜெஸ்டிரோன் சுரக்கின்றன. புள்ளியிலிருந்து வரும் புறத்தோல் வளர்ச்சிக் காரணியே இதற்குக் காரணம் என்று இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் பாரின் ஆய்வுக்குழு காட்டியது. அந்தப் புள்ளியை அழித்துவிட்டால், அத்தனை பெரிய மஞ்சள் உருண்டையும் சிதையத் தொடங்கிவிடுகிறது. ஒரு நெல்மணி நீளம்கூட இல்லாத அந்த இடம்தான் உருண்டை முழுவதையும் உயிரோடு வைத்திருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளியை ஒரு கணம் தேடிவிட்டுத்தான் கலக்குகிறேன்.

தடை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. பிராய்லர் குஞ்சுகளின் தாய்க்கோழிகளுக்கு வேண்டிய அளவு தீவனம் கொடுத்துவிட்டால், ஒரே நாளில் இரண்டு நுண்ணறைகள் வரிசையில் ஏறுகின்றன. எஃப்-1 அளவில் இரண்டு, எஃப்-2 அளவில் இரண்டு என்று இரட்டை வரிசை உண்டாகிறது. இரட்டைக்கரு முட்டை, ஓடு கெட்ட முட்டை, வயிற்றுக்குள்ளேயே விழும் கரு என்று எல்லாம் சேர்ந்து, நல்ல முட்டையின் எண்ணிக்கை குறைகிறது. அதனால் அந்தத் தாய்க்கோழிகளுக்குத் தீவனத்தை அளந்தே போடுகிறார்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய இளம் பெட்டை அவ்வப்போது இரட்டைக்கரு இடுவதும் இதனால்தான்: வரிசை இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை.

பிராய்லர் என்றதும் மார்த்தாண்டம் சந்தையிலும் வடசேரியிலும் கேட்கும் ஒரு பேச்சு நினைவுக்கு வருகிறது: "கோழிக்கு வளர்ச்சி ஊசி போடுகிறார்கள், அதனால்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள்." கவலையோடு சொல்பவர்கள் தாய்மார்கள், அவர்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரணம் நிற்காது. வளர்ச்சி ஹார்மோனும் வளர்ச்சிக் காரணிகளும் புரதங்கள். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடல் அவற்றைப் பருப்பைச் செரிப்பது போலச் செரித்துவிடும். ஊசியாகப் போட ஒவ்வொரு கோழியையும் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும்; ஆயிரக்கணக்கில் நிற்கும் பண்ணையில் அது நடக்காத காரியம். பிராய்லர் வேகமாக வளர்வது பல தலைமுறை இனத்தேர்வாலும் தீவனத்தாலும். பண்ணைகளைப் பற்றிக் கேட்க வேண்டிய நியாயமான கேள்விகள் வேறு இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் பயன்பாடு அவற்றில் முதலாவது. இல்லாத ஊசியைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும்.

வெளிச்சத்துக்கும் இந்த வரிசையில் பங்கு உண்டு. பகல் நீண்டால் கோழியின் மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் ஒளி உணரும் செல்கள் விழித்து, எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் கூடும். குளிர்நாடுகளில் பனிக்காலத்துக் குறுகிய பகலில் முட்டை நின்றே போகும். நாமோ பூமத்திய ரேகையிலிருந்து 8 டிகிரியில் இருக்கிறோம். குமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் வெளிச்சத்தால் நம் வீட்டுக்கோழிக்குப் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. 16 மணி நேரம் விளக்கு எரியும் பண்ணைக் கொட்டகையோடு அதை ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

நம் கோழியை நிறுத்துவது பெரும்பாலும் அடைதான். பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் அது பெட்டியை விட்டு எழ மறுக்கும், இறகைச் சிலிர்க்கும், கொத்த வரும். வயிற்றின் வெறும் தோல் முட்டையிலும் கூட்டிலும் பட்டுக்கொண்டே இருப்பதால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்ந்து நிற்கிறது, எல்.எச். தாழ்கிறது. வரிசையில் நின்ற பெரிய மஞ்சள் நுண்ணறைகள் ஒவ்வொன்றாகச் சிதைந்து, அவற்றிலிருந்த கருவை உடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடைக்கோழியின் சினைப்பையில் எஃப் வரிசையே இருக்காது. கடுகு மணிகள் மட்டும் இருக்கும். பண்ணை லேயர் இனங்களில் இந்த அடை குணத்தையே இனத்தேர்வால் அகற்றிவிட்டார்கள். அவை ஆண்டு முழுவதும் இடுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

அடை தெளிவிக்க ஊரில் பல வழிகள் உண்டு. மூக்கில் இறகைச் செருகுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். பாட்டி இரண்டையும் செய்யமாட்டார். கோழியைக் கூட்டிலிருந்து எடுத்து, கீழே வைக்கோல்கூட இல்லாத கம்பி அடித்த கூண்டில் நாலைந்து நாள் வெளிச்சத்தில் வைத்து, தீனியும் தண்ணீரும் தாராளமாகப் போடுவார். கூட்டின் தொடுகை அறுந்தால் புரோலாக்டின் இறங்கிவிடும். கோழிக்கு வதையும் இல்லை. பிறகு கூண்டைத் திறந்துவிட்டு, "இன்றைக்கு ஞாயிறு. அடுத்த ஞாயிறு தாண்டி, அதற்கடுத்த ஞாயிறுக்குள் முட்டை வைக்கும், பார்" என்பார். ஒரு நுண்ணறை கூட்டத்திலிருந்து பிரிந்து 8 மில்லிமீட்டரிலிருந்து 40 வரை ஏற 7 முதல் 11 நாள். அதற்குமேல் ஓடு கட்ட ஒரு நாள். பாட்டி சொன்ன இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே அந்தக் கணக்கு சரியாக அடங்கியிருந்தது.